பிஆர்சிஏ1 என்று முடிவு வந்திருக்கிறது: மார்பகங்களை முன்கூட்டியே எடுப்பதா, எடுத்தால் எந்த மறுசீரமைப்பு?

வெண்தாமரை:

எனக்கு 34 வயது. ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. இரவில் மட்டும் இன்னும் பால் குடிக்கிறது. இன்னொன்று பெற்றுக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது. அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய், பெரியம்மாவுக்கு 52 வயதில் சினைப்பைப் புற்றுநோய். மரபணுப் பரிசோதனையில் எனக்கு பிஆர்சிஏ1 என்ற மரபணுவில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் கோளாறு இருப்பதாக வந்திருக்கிறது. இதுவரை கட்டி எதுவும் கிடையாது.

ஒரு டாக்டர் இரண்டு மார்பகங்களையும் சீக்கிரம் எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர் வருடா வருடம் ஸ்கேன் பார்த்தால் போதும் என்கிறார். எடுத்தால் காம்பை வைத்துக்கொள்ள முடியுமா? இம்பிளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கைப் பை) நல்லதா, வயிற்றுச் சதையை எடுத்து வைப்பது நல்லதா, ஒன்றும் வைக்காமலே விட்டுவிடலாமா? எனக்கு ஒல்லியான உடம்பு, 50 கிலோ. பால் கொடுத்த பிறகு மார்பகம் நன்றாகவே தொங்கிவிட்டது. புண்ணில் கசியும் நீரை வடிக்கும் ட்ரெயின் குழாயோடு எத்தனை நாள் இருக்க வேண்டும், குழந்தையை எப்போது தூக்கலாம் என்பதும் தெரிய வேண்டும். ஆறுதல் நிறையக் கிடைத்துவிட்டது, இப்போது விவரம்தான் வேண்டும்.

அகல்விளக்கு (மரபணு ஆலோசகர்):

முதலில் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து ஒரு வரியை மட்டும் பாருங்கள் சகோதரி. மரபணு மாற்றத்தின் வகை என்னவென்று போட்டிருக்கும். "நோய் உண்டாக்குவது" அல்லது "பெரும்பாலும் நோய் உண்டாக்குவது" என்று இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று இருந்தால் அதை வைத்து அறுவை சிகிச்சை செய்யவே கூடாது. அந்த வகையில் வருபவற்றில் பெரும்பாலானவை பிற்பாடு தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மார்பகத்தை எடுக்கும் பேச்சு வரைக்கும் போய்விடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். வீட்டுக்கே வரவழைத்து எச்சில் அனுப்பும் கிட் மூலம் வந்த முடிவென்றால், மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் புதிய ரத்த மாதிரியில் மறுபடி உறுதி செய்யாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். அம்மா இருந்தால் அவருக்கும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது பலமான ஆதாரம்.

இனி எண்கள். 2017இல் வெளிவந்த, ஆயிரக்கணக்கான குடும்பப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72%, பிஆர்சிஏ2 (இதே போன்ற இன்னொரு மரபணு) கோளாறு உள்ளவர்களுக்கு 69%. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44%, 17%. இந்த 72ஐப் பார்த்துத்தான் எல்லோரும் ஆடிப்போகிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான கணக்கு. உங்கள் வயதில் இதை ஆண்டுக்கணக்காக மாற்றினால், நூறு பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பேர். அதாவது ஆறு மாதம், ஒரு வருடம் எடுத்து நிதானமாக முடிவு செய்ய உங்களுக்கு இடம் இருக்கிறது. பத்து வருடம் தள்ளிப்போட இடம் இல்லை.

உங்கள் கேள்வியில் சினைப்பையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மார்பகத்துக்கு எம்ஆர்ஐ என்ற நல்ல காவல் இருக்கிறது. சினைப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. சிஏ125 ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் அதை நம்பும்படியாக முன்கூட்டிப் பிடிப்பதில்லை. அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்ததும், 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வரை தள்ளலாம். இந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. ஆகவே குழாயை மட்டும் இப்போது எடுத்து, சினைப்பையைப் பின்னால் எடுக்கலாமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். இன்னும் அது பொது வழக்கமாகவில்லை. கருப்பையை எடுப்பது வேறு கேள்வி, இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

சினைப்பையை எடுத்தால் மாதவிடாய் அன்றோடு நின்றுவிடும்: உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதயப் பிரச்சினை என்று வரிசையாக வரும். மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்கு இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை கொடுக்கலாம். அதற்குள் மார்பகங்களும் எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஹார்மோனைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ள முடிகிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

இரண்டாவது குழந்தை வேண்டுமென்றால் அதற்கான காலக்கெடுவை இப்போதே வரைந்துகொள்ளுங்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, இந்த மாற்றம் போய்ச்சேர 50% வாய்ப்பு. ஐவிஎஃப் செய்து கருவைப் பரிசோதித்த பிறகு கருப்பையில் வைக்கும் வழியும் உண்டு. இருக்கும் குழந்தைக்கு இப்போது பரிசோதனை வேண்டாம், பெரியவளாகித் தானே முடிவு செய்யட்டும். உடன்பிறந்தவர்கள், தாய்வழி உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள், ஆண்களிடமும்தான். அவர்கள் வழியாகவும் இது அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கூர்முனை (மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை):

இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. இரண்டும் ஏற்கப்பட்ட வழிகள்தான், ஆனால் இரண்டும் செய்வது வெவ்வேறு வேலை. ஸ்கேன் புற்றுநோயைத் தடுக்காது, வந்ததைச் சீக்கிரம் காட்டும். 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து அதோடு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) என்பது வழக்கம். எம்ஆர்ஐயை மாதவிடாய் தொடங்கி 7 முதல் 14 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் எடுத்தால் இயல்பான திசுவே ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், தேவையில்லாத பயாப்ஸியில் (ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதில்) போய் முடியும்.

நெதர்லாந்தில் 2019இல் வந்த ஆய்வு ஒன்று இங்கே உதவும். 65 வயதுவரை மார்பகப் புற்றுநோயால் இறக்காமல் இருக்கும் வாய்ப்பு, பிஆர்சிஏ1 உள்ளவர்களில் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கு 93%, அறுவை செய்துகொண்டவர்களுக்கு 99.7%. பிஆர்சிஏ2இல் 98%, 100%. ஆக, பிஆர்சிஏ1இல் அறுவைக்கு நியாயம் கூடுதல். காரணமும் தெளிவானதுதான்: பிஆர்சிஏ1இல் வருவது பெரும்பாலும் டிரிபிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் சாராத வகை, வேகமாக வளரும், இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவிலேயே தலைகாட்டிவிடும். சின்னதாக இருக்கும்போதே பிடித்தாலும் பல சமயம் கீமோ தேவைப்படும். தடுப்புக்காகக் கொடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரை ஹார்மோன் சார்ந்த வகையைத்தான் குறைக்கும், எனவே பிஆர்சிஏ1இல் அதன் பயன் நிச்சயமில்லை.

மார்பகத்தை எடுத்தால் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பூஜ்யமாகாது, ஏனென்றால் மார்பகத் திசுவுக்கு வேலி கிடையாது. மேலே காறை எலும்பு வரை, நடுவில் மார்பெலும்பு ஓரம் வரை, பக்கத்தில் அக்குள் நோக்கி வால் போல நீண்டு போகும். அந்த அக்குள் வால் போன்ற ஓரங்களில் திசு விட்டுப்போகலாம். தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு விடுவது என்பதுதான் இந்த அறுவையின் உயிர்நாடி. தடிமனாக விட்டால் சுரப்பித் திசு மிச்சமாகும். மெலிதாகச் சீவினால் தோலுக்கு ரத்தம் போகாமல் கருகும். ஒல்லியானவர்களுக்கு அந்த அடுக்கு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே சர்ஜனைத் தேர்ந்தெடுக்கும்போது "காம்பைக் காப்பாற்றும் அறுவை எத்தனை செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குத் தோல் கருகியது" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

காம்பை வைத்துக்கொள்ளலாம். காம்பில் மட்டும் புதிதாகப் புற்றுநோய் வருவது மிக அபூர்வம். காம்புக்கு நேர் பின்னாலிருக்கும் திசுவைத் தனியாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். மார்பகத்தின் கீழ் மடிப்பில் வெட்டுவது நல்லது, தழும்பு மறையும், காம்பின் ரத்த ஓட்டமும் கெடாது. கருவட்டத்தைச் சுற்றி வெட்டினால் காம்பு கருகும் வாய்ப்பு கூடும். ஆனால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: காம்பு பார்வைக்குத்தான் மிஞ்சும். உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும், திரும்பினாலும் அரைகுறையாகத்தான். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. பின்னால் பலரையும் வருத்துவது தழும்பைவிட இந்த மரத்துப்போன உணர்வுதான்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் தொங்கல். நன்றாக இறங்கிய மார்பகத்தில் ஒரே அறுவையில் காம்பையும் காப்பாற்றி மேலேயும் ஏற்றினால், காம்புக்கு ரத்தம் வெகுதூரம் தோல் வழியாகவே வர வேண்டியிருக்கும், கருகும் ஆபத்து அதிகம். அதனால் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் மார்பகத்தைச் சிறிதாக்கி மேலே தூக்கும் அறுவை. மூன்று மாதமாவது கழிந்து, காம்புக்குச் சுற்றுத்தோலிலிருந்து ரத்த ஓட்டம் பழகிய பிறகு உள்திசு முழுவதையும் எடுப்பது. முதல் கட்டத்தில் எடுத்த திசுவையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள். இரண்டு முறை மயக்க மருந்து வேண்டாம் என்றால், காம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் காத்து, பின்னால் காம்பைத் தோலிலிருந்தே உருவாக்கிப் பச்சை குத்திக்கொள்ளலாம். பார்க்க நன்றாகவே இருக்கும்.

அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐயும் மேமோகிராமும் கையில் இருக்க வேண்டும். அவை சுத்தமாக இருந்தால் அக்குள் நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. தேவையின்றிச் செய்தால் கை வீக்கத்துக்கு வழிவகுக்கும்.

இரண்டாவது குழந்தைக்கும் பால் கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால், அறுவையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் கருத்தரிக்க முயல்வதற்குச் சற்று முன் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அந்த மருந்து ஏற்றிய எம்ஆர்ஐ எடுக்க மாட்டார்கள், கைப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும்தான். பாலூட்டும்போது தட்டுப்படும் கட்டியை "பால் கட்டியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள்.

நூலிழை (பிளாஸ்டிக் சர்ஜரி):

கூர்முனை சொன்னதன் தொடர்ச்சியாக மறுசீரமைப்பு பற்றி.

இம்பிளான்ட்டில் இரண்டு வழி. மார்பகத்தை எடுத்த அதே நேரத்தில் நேரடியாக இம்பிளான்ட் வைப்பது ஒன்று. முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்து, புண் ஆறியதும் இரண்டு வாரம் கழித்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 மில்லி உப்பு நீரை ஊசியால் ஏற்றித் தோலை விரித்து, சில மாதங்களில் நிரந்தர இம்பிளான்ட்டாக மாற்றுவது இன்னொன்று. உங்களுக்குத் தோல் உபரியாகவே இருக்கிறது, எனவே நேரடி வழி சாத்தியம். ஆனால் அது அன்றைய மேஜையில்தான் முடிவாகும். திசுவை எடுத்ததும் தோலுக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று ஒளிரும் சாயம் ஏற்றிக் கேமராவில் பார்ப்போம். தோல் சோர்ந்திருந்தால் முழு அளவு இம்பிளான்ட்டைத் திணிப்பது தவறு. காலியான எக்ஸ்பாண்டரை வைத்துவிட்டு வெளியேறுவதே சரி. "அப்படி ஆனால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன" என்று முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். கண் விழித்ததும் தட்டையாக இருப்பதைக் கண்டு அதிர வேண்டியிருக்காது. எக்ஸ்பாண்டரில் ஊசி குத்தும் வாயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் காந்தம் வைத்திருப்பார்கள், அது உள்ளே இருக்கும் வரை எம்ஆர்ஐ அறைக்குள் போகக் கூடாது. வேறு எந்தக் காரணத்துக்கு எம்ஆர்ஐ எழுதினாலும் இதைச் சொல்லுங்கள்.

இம்பிளான்ட்டை மார்புத் தசைக்கு மேலா, கீழா வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கீழே வைத்தால் மேல் விளிம்பு மென்மையாகத் தெரியும், ஆனால் கையை அழுத்தும்போது மார்பு துள்ளும், வலியும் கூடுதல். மேலே வைத்தால் துள்ளல் இல்லை. ஒல்லியானவர்களுக்கு இம்பிளான்ட்டின் ஓரமும் சுருக்கமும் தோல் வழியே தெரியும். உங்கள் எடைக்குத் தசைக்குக் கீழே என்பதுதான் என் சாய்வு.

இம்பிளான்ட் ஆயுள் முழுவதற்கும் வருவதில்லை. 34 வயதில் வைத்தால் வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணியே தொடங்குங்கள். சுற்றி வளரும் உறை இறுகிக் கல் போலாவதை பேக்கர் என்ற அளவுகோலில் நான்கு நிலையாகப் பிரிப்போம். மூன்றும் நான்கும் வந்தால் பெரும்பாலும் மறு அறுவை. சிலிக்கான் ஜெல் கிழிந்தால் வெளியே அடையாளம் தெரியாமலே இருக்கலாம், ஆகவே 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2 அல்லது 3 வருடத்துக்கு ஒரு முறை. மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளான்ட்களோடு தொடர்புள்ள அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உண்டு. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகம் முழுதும் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். வழவழப்பான மேற்பரப்பைக் கேளுங்கள். வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நீர் கோத்து வீங்கினால், அந்த நீரை எடுத்து, இந்தப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் சிடி30 பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. இம்பிளான்ட் அட்டையில் நிறுவனம், வகை, வரிசை எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

இனி வயிற்றுத் திசு. இப்போது பெரும்பாலும் செய்வது டீப் ஃபிளாப் (ஃபிளாப் என்பது இடம் மாற்றி வைக்கும் திசு): தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும், தசையை எடுக்காமல், அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களோடு பிரித்து, மார்பெலும்பு ஓரத்து ரத்தக் குழாயில் மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பது. வயிற்றுத் திசுவையே எடுக்கும் பழைய டிராம் முறையில் தசையும் போகும், வயிறு புடைப்பதும் குடலிறக்கமும் அதிகம். டீப் முறை மென்மையாக, உடம்போடு சேர்ந்து எடை கூடிக் குறையும், மாற்ற வேண்டியதில்லை. விலை என்னவென்றால் நேரம். இரண்டு பக்கமும் சேர்த்து 8 முதல் 12 மணி நேர அறுவை, மூன்று முதல் ஐந்து நாள் மருத்துவமனை, வயிற்றில் இடுப்பிலிருந்து இடுப்பு வரை தழும்பு. நூறில் ஒன்றிரண்டு ஃபிளாப் முற்றிலும் செத்துப்போகும். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில், சிரையில் ரத்தம் உறைவதால். அதனால்தான் முதல் நாள் முழுதும் மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பார்ப்பார்கள். ஃபிளாப் நீலம் பாய்ந்து இறுகினால் சிரைச் சிக்கல், வெளுத்துக் குளிர்ந்தால் தமனிச் சிக்கல். உடனே மேஜைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

50 கிலோவில் இரண்டு மார்பகத்துக்கும் வயிறு போதுமா என்பது கேள்விக்குறி. உட்கார்ந்தபடி தொப்புளுக்குக் கீழே இரு கைகளாலும் கிள்ளிப் பாருங்கள். கையில் வருவதில் பாதிதான் ஒவ்வொரு பக்கத்துக்கும். குறைவென்றால் தொடையின் பின்புறத்திலிருந்து எடுக்கும் பேப் ஃபிளாப் உண்டு, அதுவும் சிறிய மார்பகத்துக்குத்தான் எட்டும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையில்லை. வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் அறுவை செய்திருந்தால் டீப் முடியாது. சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தால் வயிற்று ரத்தக் குழாய்களின் வரைபடம் கிடைக்கும். இன்னொரு குழந்தை உறுதியென்றால் பிரசவத்துக்குப் பிறகு டீப் செய்வதே புத்திசாலித்தனம்: தோலும் கூடுதலாகக் கிடைக்கும், தைத்த வயிற்றுச் சுவர் கர்ப்பத்தைத் தாங்க வேண்டியும் இருக்காது. வயிறு ஒரே ஒரு முறைதான் தரும். இம்பிளான்ட்டில் தொடங்கிப் பின்னால் டீப்புக்கு மாறலாம்.

எந்த வழியானாலும் சிகரெட் மட்டுமல்ல, நிக்கோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை கூட அறுவைக்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் கூடாது. தோல் கருகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஒன்றும் வைக்காமல் தட்டையாக விடுவதும் முழுமையான தேர்வுதான். ஒரே அறுவை, சீக்கிரம் ஆறும், பின்னால் மாற்ற எதுவும் இல்லை. ஆனால் "தட்டையாக, அழகாக மூட வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் "பின்னால் மனம் மாறினால்" என்று தோலை மிச்சம் வைத்து, பக்கத்தில் மடிப்பாகத் தொங்க விட்டுவிடுவார்கள். அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை தேவைப்படும்.

நீலக்குறிஞ்சி (பிளாஸ்டிக் சர்ஜரி):

நூலிழையோடு ஒரு இடத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. ஒல்லி என்பதற்காகவே தசைக்குக் கீழே போக வேண்டியதில்லை. முடிவு செய்வது எடையல்ல, திசுவை எடுத்த பிறகு மிஞ்சும் தோலின் தடிமனும் அதன் ரத்த ஓட்டமும். அவை நன்றாக இருந்தால் தசைக்கு மேலே, ஏடிஎம் என்ற செல் நீக்கிய தோல் விரிப்பால் சுற்றி வைக்கலாம். ஓரம் தெரிந்தால் பின்னால் கொழுப்பு ஊசி போட்டு மறைக்கலாம். ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், ஆகவே இரண்டு மூன்று தடவை ஆகும். ஒல்லியானவருக்கு எடுக்கக் கொழுப்பு எங்கே என்பது நூலிழையின் நியாயமான கேள்வி. ஆனால் குழந்தையைத் தூக்கி, கையால் வேலை செய்து வாழ்பவருக்கு ஒவ்வொரு அசைவிலும் மார்பு துள்ளுவது சின்னத் தொல்லை இல்லை. ஏடிஎம் வைத்தால் நீர் சுரப்பும் அதிகம், ட்ரெயின் சில நாள் கூடுதலாக இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த சர்ஜனிடம் போனாலும் உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களின், அறுவை முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். ஆறு வாரப் படம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும்.

வெள்ளைச்சீருடை (வார்டு செவிலியர்):

ட்ரெயின் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குழாய் இருக்கும். நாளைக்கு இரண்டு வேளை அளந்து, வலம் இடம் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு குழாயில் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுப்பார்கள். பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம். அவசரப்பட்டு எடுத்தால் நீர் கோக்கும். மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் குழாய் வழியே கிருமி ஏறும்.

குழாயைத் தோல் பக்கம் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால், குழாயின் முனையில் நீர் சேரும் குமிழை நோக்கி வழித்துவிடுங்கள், கட்டி அடைக்காது. குமிழைக் காலி செய்து, அமுக்கிய நிலையிலேயே மூட வேண்டும். மூடிய உடனே குமிழ் உப்பினால் எங்கோ காற்று புகுகிறது. ரத்தச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என்று நிறம் மாறுவது சரியான போக்கு. நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, மார்பு வீங்கினால் குழாய் அடைத்திருக்கிறது. குமிழ் மளமளவென்று புது ரத்தத்தால் நிறைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இறுகிப் பெருத்து வலித்தாலோ அது ரத்தக் கட்டு. காலை வரை காத்திருக்காமல் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தை விஷயம். ஒன்றரை வயதுப் பிள்ளை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், உங்களுக்கு அனுமதி முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோதான். "ஒரே ஒரு தடவை" தூக்கியதில் ரத்தம் கட்டுவதும் இம்பிளான்ட் நகர்வதும் நடக்கிற காரியம். அறுவைக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளை தானாக ஸ்டூலில் ஏறிச் சோபாவுக்கு வரப் பழக்குங்கள். நீங்கள் உட்கார்ந்தபடி, மார்பின் மேல் தலையணை வைத்து அணைத்துக்கொள்ளலாம். இரவில் எழுந்து தூக்க இன்னொருவர் ஆறு வாரம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். முன்னால் திறக்கும் சட்டை ஐந்தாறு வாங்கி, உள்பக்கம் ட்ரெயின் குமிழுக்குப் பை தைத்து வையுங்கள்.

கையை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும்: விரல் மடக்குவது, தலை சீவுவது, தோளைச் சுழற்றுவது. ட்ரெயின் எடுக்கும் வரை முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். எடுத்த பிறகு சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் உறைந்துவிடும், அதைத் திருப்புவது அறுவையைவிட வலி. டீப் செய்தவர்கள் ஒரு வாரம் கூன் போட்டுத்தான் நடப்பார்கள், முழங்காலுக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவார்கள். வலி மாத்திரையால் மலம் இறுகாமல் முதல் நாளே மருந்து கேட்டு வாங்குங்கள், முக்கினால் வயிற்றுத் தையலுக்கு ஆபத்து.

மார்புத் தோல் மரத்திருக்கும், சூடு தெரியாது. வெந்நீர்ப் பையும் ஐஸ் பையும் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம், கொப்பளித்த பிறகுதான் தெரியும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், இம்பிளான்ட் உள்ளவர்கள் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு நாள் தாமதம் இம்பிளான்ட்டையே எடுக்க வைத்துவிடும். காம்பு ஊதா நிறமாகி மேல்தோல் உரிவது பலருக்கும் வரும், பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறும். கறுத்துத் தடித்த பொருக்கானால் சர்ஜன் பார்க்க வேண்டும், நீங்கள் பிய்க்கக் கூடாது.

வெண்தாமரை:

எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், "நோய் உண்டாக்குவது" என்றே இருக்கிறது, மருத்துவக் கூடத்தில் செய்ததுதான். இரண்டாவது குழந்தைக்கு முயன்றுவிட்டு, அதன் பிறகு அறுவை என்று மனம் சாய்கிறது. இப்போதே எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமென்றால் பாலை நிறுத்த வேண்டுமா? அறுவைக்கு முன் எவ்வளவு நாள் நிறுத்த வேண்டும்?

கூர்முனை:

எம்ஆர்ஐக்காகப் பாலை நிறுத்த வேண்டாம். ஏற்றும் காடோலினியம் மருந்தில் பாலுக்குள் போவது மிகச் சொற்பம், அன்றைக்கே கொடுக்கலாம். ஸ்கேனுக்குச் சற்று முன் இரண்டு பக்கமும் பால் கொடுத்தோ பீய்ச்சியோ காலி செய்துவிட்டுப் போங்கள், படம் தெளிவாக வரும். இரவுப் பால் மட்டும்தான் என்பதால் படிக்க முடிகிற படம் கிடைக்கும். பால் கொடுக்கிறீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பளிச்சென்று தெரியும் திசுவைப் பார்த்துப் பயமுறுத்தி எழுதிவிடுவார்கள்.

அறுவைக்கு என்றால் கதை வேறு. பால் முழுதாக வற்றி மூன்று மாதமாவது போக வேண்டும். பால் சுரக்கும் மார்பகத்தில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் அதிகம், மிஞ்சிய திசு பால் கசியவும் செய்யும். இரண்டாவது குழந்தைக்கு எவ்வளவு மாதம் பால் கொடுப்பது என்பதையும் அறுவைத் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்: பிரசவம், பால் கொடுக்கும் மாதங்கள், வற்றும் மூன்று மாதம், தூக்கும் முதல் கட்ட அறுவை, இன்னொரு மூன்று மாதம், பிறகு முழு அகற்றம். சினைப்பை அறுவைக்கான 40 வயதுக் கெடுவை அந்தத் தாளின் கடைசியில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள்.

அகல்விளக்கு:

அந்தக் கணக்கில் ஐவிஎஃப் கருப் பரிசோதனையும் சேர்ந்தால் சில மாதங்கள் கூடுதலாகப் போடுங்கள். ஆய்வுக்கூடம் உங்கள் குடும்பத்தின் மாற்றத்துக்கென்றே பரிசோதனையைத் தயார் செய்ய வேண்டும், அதற்கு அம்மாவின் மாதிரியும் தேவைப்படலாம். அவருடைய ரத்தத்தை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.